ஒரே கேபினில் படுத்தவர்கள்

மழை முடிந்த சமயத்தில் இருமல் வந்தது. கடலுக்குப் போகிறவனுக்கு இருமல் ஒரு விஷயமா? டீசல் புகை, ஐஸ், ஈரத் துணி. எல்லாருக்கும்தான் இருமும். விட்டுவிட்டேன்.

நான் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். பேர் தேசிங்கு. வீடு கல்மண்டபத்துக்குப் பின்னால். படகு ஓட்டுகிறவனை எங்கள் பக்கம் ஸ்ராங்கு என்போம். வலை எங்கே விடுவது, எப்போது இழுப்பது, எப்போது திரும்புவது, எல்லாம் ஸ்ராங்கு சொல்வதுதான். என்னோடு ஆறு பேர் வருவார்கள். ஒரு தடவை போனால் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். படுக்க ஒரே ஒரு கேபின். ஒருத்தன் விடுகிற மூச்சு இன்னொருத்தன் கழுத்தில் படும். அலைத் தண்ணி உள்ளே அடிக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் படுப்போம்.

கடலில் ஒருத்தனுக்கு உடம்பு முடியாமல் போனால் அதற்கு வழி இருக்கிறது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, கரைக்குத் திரும்புகிற வேற போட்டில் அவனை ஏற்றி அனுப்பலாம். எல்லா ஸ்ராங்கும் செய்வதுதான். ஆனால் வயர்லெஸ்ஸில் ஒருத்தன் பேசினால் சுற்றி இருக்கிற அத்தனை போட்டும் கேட்கும். "இன்னா மாமு, ஆம்புலன்ஸ் ஓட்றியா?" என்று கிண்டல் வரும். நான் அதற்காக அந்த மைக்கைத் தொட்டதே இல்லை. என் போட்டில் ஏறினவன் என்னோடுதான் இறங்குவான். மீனும் நிறையக் கொண்டுவருவேன். ஓனர் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருஷம் மட்டும் கேட்டார். இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேற போட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்குப் புதுசாகப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"தேசிங்கு, மீனு நல்லாத்தான் புடிக்கிற. ஆளு நிக்க மாட்டேன்றானே."

"போறவன் போவட்டும் மொதலாளி. ஆளுக்கா பஞ்சம்?"

அவர் தலையை ஆட்டினார். அதோடு விட்டார்.

பிறகு சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. ராத்திரி பனியன் பிழியிற மாதிரி வேர்க்கும். லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. இடது பக்கம் நெஞ்சில் மூச்சு இழுத்தால் குத்தியது. போட்டில் ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போக முடியவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை. அப்போது அதைப் பற்றி நினைக்கவில்லை.

என் சம்சாரம் கஸ்தூரி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டானிக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பில்லைப் பார்த்து கஸ்தூரி தோட்டைக் கழற்றினாள். காய்ச்சல் மட்டும் போகவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாங்க. வலது பக்கம் கறுப்பாக இருந்தது. இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை.

"கறுப்பா தெரியறது காத்து. வெள்ளையா தெரியறது தண்ணி. நுரையீரலைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல தண்ணி கோத்திருக்கு. அது அமுக்கறதாலதான் மூச்சு வாங்குது."

"தண்ணி எப்டிம்மா வந்துச்சு?"

"அதைத்தான் பாக்கணும்."

விலா எலும்புக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, விரல் மொத்தத்துக்கு ஒரு குழாய் விட்டார்கள். மரத்த இடம் மேலேதான். உள்ளே குழாய் போகிறது நன்றாகவே தெரிந்தது. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். குழாயின் மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டார்கள். மஞ்சளாகத் தண்ணி இறங்கியது. பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் தண்ணி திரும்ப உள்ளே போய்விடும் என்றார்கள். கக்கூசுக்குப் போனாலும் பாட்டிலோடுதான்.

சளியும் கேட்டார்கள். வந்த உடனே ஒரு டப்பா, மறுநாள் விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு டப்பா. எச்சில் ஆகாது, ஆழத்திலிருந்து வர வேண்டும். அதை ஒரு மெஷினில் வைப்பார்கள். டிபி கிருமி இருக்கிறதா, இருந்தால் வழக்கமான மாத்திரைக்குக் கேட்குமா, இரண்டையும் அந்த மெஷின் சொல்லிவிடும்.

டிபிதான். மாத்திரைக்குக் கேட்கும் என்றும் வந்தது.

கஸ்தூரி அழவில்லை. கொண்டுவந்த சோற்றுத் தூக்கைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு. மூக்கில் கட்டின மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு எனக்கு முள் பார்த்துக் கொடுத்தாள். நர்ஸ் வந்து கத்தினாங்க. "ஏம்மா, உனக்கும் வேணுமா?"

"இத்தினி நாளு இவரு பக்கத்துலதான் படுத்தேன். இப்போ தனியா வந்து ஒட்டப்போவுதா?" என்றாள். ஆனாலும் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள்.

வார்டில் எல்லாருக்கும் இருமல். ஒருத்தன் ஆரம்பித்தால் அடுத்தவனுக்குத் தொற்றும். ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். மூலையில் இருந்த ஒரு பெரியவர் இருமிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் அவர் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

டிபி பிரிவில் ஒரு அம்மா வேலை செய்கிறாங்க. நோயாளியின் வீட்டுக்குப் போய் மற்றவர்களையும் சோதிக்கிற வேலை. என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாங்க.

"உங்ககூட ஒரே ரூம்ல தூங்கறவங்க யாரு?"

"சம்சாரம். பொண்ணு உள் ரூமுல."

"வேற?"

"அவ்ளோதான்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். எங்கே தூங்குவீர்கள் என்று கேட்டாங்க. அதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. கஸ்தூரியோடு படுத்ததைவிட அந்த ஆறு பேரோடு படுத்த நாள்தான் அதிகம்.

"எல்லாரும் வந்து படம் எடுக்கணும். நீங்களே கூப்பிடுங்க. ஸ்ராங்கு கூப்பிட்டா வருவாங்க இல்ல?"

வருவாங்கம்மா என்றேன். பாபுவுக்குப் போன் செய்தேன். பாபு என் போட்டில் வலைக்காரன், வாய் பேசத் தெரிந்தவன். ஐந்து பேர் வந்தார்கள். படம் எடுக்கிற இடம் என் வார்டுக்கு நேர் கீழே. ஜன்னலில் பார்த்தால் வரிசை தெரியும். மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார்கள், டீ குடித்தார்கள், சிரித்தார்கள். மேலே வந்து என்னைப் பார்க்கவில்லை. பாபு மட்டும் வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"ஏழுமலை எங்கடா?" என்றேன். ஏழுமலை என்னோடு ரொம்ப வருஷம் ஓடினவன். எஞ்சின் பார்க்கிறவன்.

"கடலுக்குப் போயிட்டான். நீ படுத்ததும் வேற போட்டுல ஏறிட்டான். நெல்லூர் பக்கம் கீறாங்களாம்." குரலைத் தாழ்த்தினான். "ண்ணா, அவனும் இருமிகினுதான் கீறான். ரத்தம் துப்பினான், நானே பாத்தேன்."

"எப்போலேர்ந்துடா?"

"உனுக்கு முன்னாடிலேர்ந்தே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்போ அவன்தானா எனக்குக் கொடுத்தான்? அந்தக் கோபம் வாயிலும் வந்துவிட்டது. "எனுக்கு முன்னாடிலேர்ந்தா? ஏன்டா ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" பாபு சிரித்தான். "எனுக்கு கையில கெளுத்தி முள்ளு ஏறி வீங்கிகினு வந்து நின்னேனே, இன்னா சொன்ன? 'இன்னொரு கை கீதுல்ல, அத்த வெச்சு இழு'ன்ன. அல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அழுவ முடியல, சிரிச்சேன். அதுக்கப்புறம் உங்கிட்ட எவன் சொல்லுவான்? ரெண்டு பேரு போனாங்களே, ஏன் போனாங்கன்னு கேட்டியா?"

"கேக்கல."

"அவங்களும் சொல்லல. போயிட்டாங்க."

பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாதாம். ஆனால் ரத்தம் வருகிறது என்றால் உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே மருந்து ஆரம்பிக்காவிட்டால் ஆள் தங்க மாட்டான், அந்தப் போட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆபத்து என்றாங்க. அவன் திரும்ப இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. அவன் ஏறின போட்டின் ஓனரிடம் சொல்லிப் பார்த்தோம். அந்த ஓனர், வழக்கமான இருமலுக்கெல்லாம் போட்டைத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வயர்லெஸ் ஒன்றுதான் வழி. ஒரு போட்டு கேட்டு அடுத்த போட்டுக்குச் சொல்லும். அப்படியே நெல்லூர் வரைக்கும் போகும்.

"நான் போயி சொல்றேன், ஏழுமலைக்கு டிபின்னு" என்றான் பாபு.

டிபி அம்மா தடுத்தாங்க. "அவருக்கு இன்னும் சோதனையே பண்ணல. ஊர் முழுக்க அவர் பேரைச் சொல்லக் கூடாது. தேசிங்கு தனக்கு இருக்குன்னு சொல்லலாம். அதுவும் அவர் இஷ்டம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். பெண்ணுக்குத் திருவொற்றியூரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பனுக்கு டிபி என்றால் அந்தப் பேச்சு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். துறைமுகத்தில் எனக்கு இருக்கிற பேரும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லுய்யா" என்றாள். "நாளைக்கு அஞ்சலை மூஞ்சில நான் முழிக்கணும்." அஞ்சலை ஏழுமலையின் சம்சாரம். மார்க்கெட்டில் கஸ்தூரிக்கு எதிர்க் கூடை.

பாபு துறைமுகத்துக்குப் போய், கட்டியிருந்த ஒரு போட்டில் ஏறினான். வயர்லெஸ் மைக்குக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டான். நான் வார்டில் கட்டிலில் உட்கார்ந்து பேசினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் தேசிங்கு பேசறேன்."

உடனே ஒரு குரல். "யாரு, தேசிங்கா? இன்னா மாமு, செத்துட்டன்னாங்க!" இரண்டு மூன்று பேர் சிரிக்கிறது கேட்டது.

"இன்னும் இல்ல. ஆஸ்பத்திரில கீறேன். எனுக்கு டிபி. நெஞ்சுல கொழா போட்டுக் கீறாங்க. எங்கூட கேபின்ல படுத்தவங்களுக்கும் வந்திருக்கும். என் போட்டுல ஓடின ஆளு எந்தப் போட்டுல இருந்தாலும், அந்த ஸ்ராங்கு அவன வர்ற போட்டுல ஏத்தி அனுப்பிடு. இருமினா காத்திருக்காத. மாத்திரை கீது. சரியாயிடும். இத்த வடக்கே கீற போட்டுக்கும் சொல்லு."

இருமல் வந்துவிட்டது. அதுவும் மைக்கில் போயிருக்கும்.

வெறும் இரைச்சல். பாபு மைக்கிலிருந்து போனை எடுத்துவிட்டானோ என்று நினைத்தேன். அப்புறம் யாரோ ஒரு ஸ்ராங்கு, குரலை வைத்து ஆள் தெரியவில்லை, மெதுவாகக் கேட்டான்.

"தேசிங்கு. ராத்திரில வேர்க்குமா?"

"வேர்க்கும். பனியன் நனைஞ்சிடும்."

"எடை?"

"கொறையும்."

"சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல் நான் சொன்னதையே சொல்லி, வடக்கே அனுப்பியது. "தேசிங்குக்கு டிபியாம்" என்று ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டேன்.

ஏழுமலையை யாரோ ஒரு போட்டில் ஏற்றிவிட்டார்கள். கரையில் இறங்கினதும் அஞ்சலை ஆட்டோவில் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். அவன் கையில் ஒரு துண்டு. அதில் பாதி சிவப்பு. என் வார்டிலேயே கடைசிக் கட்டில் கொடுத்தார்கள். சளியைப் பார்த்தார்கள். டிபி. மாத்திரைக்குக் கேட்கும். ஆனால் வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் ஒரு ஓட்டை, சாத்துக்குடி அளவுக்கு.

பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கட்டிலுக்குப் போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளும் போனேன். அஞ்சலை ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. போட்டில் வேலை சொல்லியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். வேற பேசியதில்லை.

"வலிக்குதாடா?" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எஞ்சின் சத்தம் துளி மாறினா தூக்கத்துலேர்ந்து எய்ந்து வருவியே. 'ஏழுமலை, பம்ப்பு பாரு'ன்னு. கரெக்டா சொல்லுவ. உன் காது மேரி காது கிடையாது." மூச்சு வாங்கினான். "நான் உன் தலமாட்டுலதான் இருமினேன். எத்தினி மாசம்! உனுக்குக் கேக்கலியா?"

கேட்டது. சத்தம் என்று கேட்டது. தூக்கம் கெடுகிறது என்று தலைமேல் போர்வையை இழுத்துக்கொண்டேன். அதை அவனிடம் சொன்னேன். அஞ்சலை, "நல்லவேள, பொய் சொல்லல" என்றாள்.

எனக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றைக்கு மத்தியானம் ஏழுமலைக்கு ரத்தம் பிடுங்கிக்கொண்டு வந்தது. இருமினான், வாயிலிருந்து கொட்டியது. கீழே கிடந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை நான்தான் பிடித்தேன். அது நிறைந்தது. நர்ஸ் ஓடிவந்து அவனை வலது பக்கமாகப் படுக்கவைத்தாங்க. ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் போகாமல் இருக்க அப்படிப் படுக்கவைக்க வேண்டுமாம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். என் கை என்று தெரிந்து பிடித்தானா என்பது தெரியாது.

தள்ளிக்கொண்டு போனார்கள். தொடையில் ஒரு ரத்தக் குழாய் வழியாக மெல்லிசாக ஒரு வயரை நெஞ்சு வரைக்கும் கொண்டுபோய், ரத்தம் கசிகிற குழாயை உள்ளேயே அடைப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னாங்க. அடைந்தால் பிழைப்பான். வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்தோம். கஸ்தூரி டீ வாங்கிவந்தாள். அஞ்சலை குடிக்கவில்லை. டீயில் ஆடை கட்டியது.

"உள்ள போனவரு வரலன்னா, நீ எங்கூட்டு வாசலுக்கு வராத" என்றாள் என்னிடம். சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

சரி என்றேன்.

அவன் வந்தான். ரத்தம் நின்றது. ஆனால் அந்தப் பக்கம் நுரையீரலில் மேல் பாதி இனி வேலைக்கு ஆகாது. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். கடலுக்குப் போகக் கூடாது, பளு தூக்கக் கூடாது. டாக்டரம்மா இதைச் சொன்னபோது ஏழுமலை, "அப்போ நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்று கேட்டான்.

படம் எடுத்த ஐந்து பேரில் யாருக்கும் நோய் இல்லை. இரண்டு பேருக்குக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கஸ்தூரிக்கும் பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் இடம் மறுபடி பேச வரவில்லை. பெண் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மாத்திரையை மட்டும் தினமும் அவளே எடுத்துத் தருவாள்.

மாத்திரை ஆறு மாசம். போட்டதும் மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது, அது மாத்திரையின் நிறம். இரண்டு மாசத்தில் உடம்பு தேறியது மாதிரி இருக்கும். அப்போது நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் கிருமி மாத்திரையைப் பழகிக்கொள்ளும். அப்புறம் கேட்காது. நான் முடித்தேன்.

ஓனர் போட்டை வேற ஸ்ராங்குக்குக் கொடுத்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டார். "பழைய போட்டு ஒண்ணு கீது. ஓட்றியா? ஆளு மட்டும் நீயே சேத்துக்கோ. உன் பேர சொன்னா எவனும் வரமாட்டேன்றான்."

பழைய ஆட்களை ஒவ்வொருத்தராகப் போய்க் கேட்டேன். பாபு, "மாத்திரைய வுடாம போட்றேன். ஆனா உங்கூட வரல ண்ணா" என்றான். மற்றவர்களும் அப்படித்தான். ஒருத்தன் மட்டும் வருகிறேன் என்றான். ஏழுமலையின் தம்பி கார்த்தி. வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவன் அவன்தான்.

முன்பு என்றால் அன்றைக்கே ஏற்றியிருப்பேன். இந்தத் தடவை முதலில் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவன் இறங்குவது இல்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான்.

"கார்த்தி என் போட்டுக்கு வர்றேன்றான். ஏத்தட்டா?"

கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்."

"சரி."

எழுந்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லு."

"குந்து" என்றான்.

தரையில் உட்கார்ந்தேன். சொன்னான். முதல் தடவை என் போட்டில் ஏறின நாளிலிருந்து ஆரம்பித்தான். சில விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு எல்லாம் இருந்தது. மூச்சு வாங்கும்போது நிறுத்துவான், நான் காத்திருப்பேன், மறுபடி ஆரம்பிப்பான். இரண்டு மூன்று இடத்தில் பதில் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வெயில் இறங்கி, அஞ்சலை காலிக் கூடையோடு படி ஏறி வந்தபோதும் அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.